வானத்துக் கணக்கர்கள் – 14: நுங்கம்பாக்கத்துக்கு வந்த தந்தி

சென்ற இதழில் பார்த்த என்கே வால்மீன், கணக்குப் போட்டவர்களை ஓரளவு மதித்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முந்திக்கொண்டாலும் சொன்ன காலத்தில் வந்து சேர்ந்தது, இன்றும் வருகிறது. இந்த இதழில் வரும் வால்மீன் வேறு ரகம். எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதை ஒரு நாள் பிசகுக்குள் சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் அங்கே பார்த்தால் என்ன தெரியும் என்பதை மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றாக இருந்தது இரண்டானது. இரண்டும் காணாமல் போயின. கடைசியில் அதைத் தேடச் சொல்லி ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி நம் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது.

அதன் பெயர் பீலா வால்மீன். வில்ஹெல்ம் ஃபான் பீலா ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பங்கெடுத்தவர். படைமுகாமில் கிடைத்த இரவுகளில் தொலைநோக்கியோடு வானத்தைத் துழாவுவது அவர் வழக்கம். பொஹீமியாவில் யோசெஃப்ஸ்டாட் என்ற கோட்டை நகரத்தில் இருந்தபோது, 1826 பிப்ரவரி 27 அன்று மங்கலான ஒரு வட்டத் திட்டைக் கண்டார். பத்து நாள் கழித்து மார்சேயில் கம்பார் என்ற பிரெஞ்சுக்காரரும் தனியாக அதைக் கண்டார். இருவருமே கண்டதோடு நிற்காமல் பாதையைக் கணக்கிட்டார்கள். இருவருக்கும் ஒரே விடை கிடைத்தது: இது புதியதல்ல, 1772இலும் 1805இலும் வந்துபோன அதே வால்மீன்தான்.

1772 மார்ச் 8 அன்று லிமோஜ் நகரத்தில் மொந்தேன் என்பவர் அதைப் பார்த்திருக்கிறார். மார்சே வானாய்வகத்தில் வாயிற்காப்போனாகச் சேர்ந்து பிறகு வால்மீன் வேட்டையில் பேர் வாங்கிய பான்ஸ் 1805 நவம்பரில் பார்த்திருக்கிறார். அந்த 1805 வருகையில் பூமிக்கு வெகு அருகே வந்ததால் ஓல்பர்ஸ் அதை வெறுங்கண்ணாலேயே கண்டார். இரண்டும் ஒன்றோ என்ற சந்தேகம் அப்போதே காஸுக்கும் பெஸலுக்கும் இருந்தது. ஆனால் இடையில் எத்தனை சுற்று போயிருக்கும் என்பது தெரியாமல் உறுதி சொல்ல முடியவில்லை. 1826 வருகை அந்த முடிச்சை அவிழ்த்தது. சுற்றுக்காலம் ஆறே முக்கால் ஆண்டு. சூரியனுக்கு 13 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, பிறகு வியாழனின் பாதையையும் தாண்டி 90 கோடிக்கு மேல் விலகிப் போகும் நீள்வட்டம். பிரான்ஸில் சிலர் வெகுநாள் இதைக் கம்பார் வால்மீன் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயர் வழக்கில் முதலில் பார்த்த பட்டாளத்துக்காரர் வென்றார்.

இந்தப் பாதையில் ஒரு வில்லங்கம் இருந்தது. அது பூமியின் பாதையை ஏறக்குறைய வெட்டுகிறது என்பதை 1828இல் ஓல்பர்ஸ் காட்டினார். அடுத்த வருகை 1832இல். தாம்வாஸோ பாரிஸிலும் சாந்தினி படுவாவிலும் வியாழன், சனியின் இழுப்பையெல்லாம் சேர்த்துப் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டு, வால்மீன் அக்டோபர் 29 அன்று பூமியின் பாதையைக் கடக்கும் என்றார்கள். செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. 'பூமியின் பாதை' என்பது மக்கள் வாயில் 'பூமி' ஆனது. பாரிஸில் பீதி. பூமி அந்த இடத்துக்கு வந்து சேர்வது நவம்பர் 30 அன்றுதான், ஒரு மாத இடைவெளி இருக்கிறது, அதாவது எட்டுக் கோடி கிலோமீட்டர் என்று அராகோ ஆண்டு மலரில் விளக்கம் எழுத வேண்டி வந்தது. கணக்கு தெரிந்தவன் ஊருக்குச் சமாதானம் சொல்லும் இந்த வேலை இன்றுவரை தொடர்கிறது.

1832இல் கணக்கு ஜெயித்தது. சூரியனுக்கு மிக அருகே வரும் நாள் நவம்பர் 27 என்று சொன்னார்கள், 26இல் வந்தது. ஆறே முக்கால் ஆண்டுப் பயணத்தில் ஒரு நாள் பிசகு. மீட்டுக் கண்டவர் ஜான் ஹெர்ஷல், செப்டம்பர் 24 அன்று, தம் இருபதடித் தொலைநோக்கியால். அன்று வால்மீன் மிக மங்கலான நட்சத்திரக் கூட்டம் ஒன்றின் மேல் கடந்துபோனது. ஏறத்தாழ பதினாறாம், பதினேழாம் தரத்து நட்சத்திரங்கள், அந்தக் காலத்துக் கருவிகளின் எல்லையில் இருப்பவை, வால்மீனின் உடல் வழியாகவே தெரிந்தன. சிறு மூடுபனிகூட அவற்றை மறைத்திருக்கும். பல்லாயிரம் கிலோமீட்டர் பருமனுள்ள அந்தத் திட்டு மறைக்கவில்லை. பாரிஸ் பயந்த பூதத்தின் உடம்பில் பொருள் என்று சொல்லும்படி எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

1839 வருகையில் வால்மீன் சூரியன் பக்கமாகவே இருந்துவிட்டதால் யாரும் பார்க்கவில்லை. அடுத்தது 1845–46.

ரோமில் தெ விகோ நவம்பர் 26 அன்று அதைப் பிடித்தார். இரண்டு நாளில் பெர்லினில் கல்லே. (அடுத்த செப்டம்பரில் நெப்டியூனைக் காணப்போகிற அதே கல்லே.) டிசம்பரில் லண்டனில் ஹிண்ட், திட்டின் வடபுறத்தில் ஒரு புடைப்பு இருப்பதாகக் குறித்தார். டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் யேலில் இருவர் பக்கத்தில் ஒரு குட்டித் திட்டு இருப்பதைக் கண்டார்கள். ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் மோரி பார்த்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. வால்மீன் இரண்டாக இருந்தது.

கேம்பிரிட்ஜில் சாலிஸ் பட்ட பாடு சொல்லத்தக்கது. ஜனவரி 15 இரவு கருவியில் கண் வைத்ததும் இரண்டு வால்மீன்கள் தெரிவதாக உதவியாளரிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன உடனே அவருக்கே நம்பிக்கை வரவில்லை. குவியத்தைத் திருகிப் பார்த்தார். கண்ணாடியில் கோளாறோ, எதிரொளியோ என்று யோசித்தார். வால்மீன் பிளக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. வானம் மூடிக்கொள்ள, 23ஆம் தேதி மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டபோது முந்திச் சொல்லும் பெருமை வாஷிங்டனுக்குப் போய்விட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இதே சாலிஸ் நெப்டியூனைத் தம் தொலைநோக்கியில் பார்த்தும் கோள் என்று அறியாமல் விட்டுவிட்டார் என்பது எல்லா வானியல் வரலாற்றிலும் இருக்கிறது. அவரைக் கேலி செய்வது எளிது. எனக்கு அவர்மேல் இரக்கம்தான். கண்டதைவிடக் கற்றதை நம்பும் பழக்கம் நல்ல நோக்கர்களுக்கே அதிகம்.

பிளவைவிட ஆச்சரியமானது அதன் பிறகு நடந்தது. ஜனவரித் தொடக்கத்தில் துணைத்திட்டு வெகு மங்கல். பிப்ரவரியில் ஏறிக்கொண்டே வந்து, மாத நடுவில் சில நாள் மூலத்தையே மிஞ்சியது. பிறகு பின்வாங்கியது, மூலம் மறுபடி முந்தியது. இரண்டுக்கும் நடுவில் ஒளிப்பாலம் போன்ற ஒரு வளைவை மோரி கண்டார். இரண்டும் தனித்தனி வாலோடு, ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. நியூட்டனின் விதிப்படி போட்ட பாதை இரண்டுக்குமே பொருந்தியது. ஆனால் ஒளி ஏறுவதும் இறங்குவதும் எந்த விதிக்கும் அடங்கவில்லை.

ஒளியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தக் கதையின் உயிர் அதில் இருக்கிறது.

ஒரு பாறை வானத்தில் போகிறதென்றால் அதன் வெளிச்சத்தைக் கணக்கிடுவது எளிது. சூரியனிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் அதன்மேல் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. வால்மீனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது வெறுமனே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. சூடேறினால் பனி ஆவியாகி, வாயுவும் தூசியும் கிளம்பி, அதுவே ஒளிரும் உடம்பாகிறது. பொதுவாக, தூரம் இரண்டு மடங்கானால் பதினாறில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. இதுவும் சராசரிதான். ஒன்று எட்டில் ஒரு பங்கு இறங்கும், இன்னொன்று முப்பதில் ஒரு பங்கு. அதே வால்மீனே ஒரு வருகையில் ஒருவிதமாகவும் மறு வருகையில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

அளப்பதும் சங்கடம். நட்சத்திரம் ஒரு புள்ளி. வால்மீன் ஒரு பரவல். ஒரு கரண்டி நெய்யைச் சோற்றின் நடுவே விட்டால் பளபளவென்று தெரியும். பிசைந்துவிட்டால் தெரியாது, நெய் என்னவோ அதே அளவுதான். அதனால் இன்றைய நோக்கர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். வால்மீனைத் தெளிவாகப் பார்த்து அதன் அளவையும் வெளிச்சத்தையும் மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு தரம் தெரிந்த ஒரு நட்சத்திரத்தைக் குவியம் கலைத்து, அதே அளவுத் திட்டாகும் வரை பரப்பி, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். வால்மீனைவிடச் சற்றுப் பிரகாசமான ஒரு நட்சத்திரம், சற்று மங்கலான ஒன்று என இரண்டு கிடைத்துவிட்டால் நடுவில் ஓர் எண் போட்டுவிடலாம். அந்த எண்ணோடு எத்தனை அங்குலத் தொலைநோக்கி என்பதையும் எழுத வேண்டும். பெரிய கருவியில் பார்த்தால் பரவலின் ஓரம் பின்புல வானத்தில் கரைந்து, வால்மீன் உண்மையில் உள்ளதைவிட மங்கலாகத் தோன்றும்.

பீலாவைப் பார்த்தவர்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. முதல் தரம், இரண்டாம் தரம் என்று நட்சத்திரங்களைப் பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலானவை ஆறாம் தரம். ஆறுக்குக் கீழே, தொலைநோக்கியில் மட்டும் தெரிபவற்றை ஆளுக்கு ஒரு தரத்தில் வைத்தார்கள். ஹெர்ஷலின் பதினாறு இன்னொருவரின் பதினொன்றாக இருக்கலாம். வால்மீன் என்று வந்துவிட்டால் தரமும் கிடையாது, 'மங்கல்', 'மிக மங்கல்', 'நேற்றைவிடத் தெளிவு' என்ற சொற்கள்தான். பாதையை விகலைக் கணக்கில் எழுதிய அதே குறிப்பேடுகள் ஒளியை இப்படி வாய்வார்த்தையில் எழுதின.

1852இல் வால்மீன் மறுபடி வந்தது. ஆகஸ்ட் 26 அன்று ரோமில் செக்கி ஒன்றைக் கண்டார். மற்றதைக் காண மூன்று வாரம் ஆயிற்று, அவ்வளவு விலகியிருந்தது. இடைவெளி இப்போது 24 லட்சம் கிலோமீட்டர், முன்பைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. இம்முறையும் இரண்டும் ஒன்றையொன்று மாறி மாறி மிஞ்சின. வாஷிங்டனில் ஹப்பர்ட் என்ற கணக்கர் இந்த வால்மீனின் எல்லா வருகைகளையும் எடுத்துக்கொண்டு மாய்ந்து மாய்ந்து கணக்குப் போட்டார். 1852இல் தெரிந்த இரண்டில் எது 1846இன் மூலம், எது துணை என்று அவராலும் அறுதியிட முடியவில்லை. ஒளியை வைத்து அடையாளம் சொல்லலாம் என்றால் ஒளிதான் இடம் மாறிக்கொண்டே இருந்ததே.

அந்த ஆண்டு செப்டம்பரோடு சரி. அதன் பிறகு யாரும் பீலா வால்மீனைப் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை.

1859இல் வசதியான இடத்தில் இல்லை, பார்க்காதது வியப்பில்லை. 1866 ஜனவரி வருகைக்கோ எல்லாம் சாதகம். இருப்பிட அட்டவணைகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். முந்தைய வருகைகளைவிடப் பெரிய தொலைநோக்கிகள் தயாராக இருந்தன. ஐரோப்பாவின் தேர்ந்த கண்கள் மாதக்கணக்கில் அந்த இடத்தைத் துழாவின. ஒன்றும் இல்லை. பாதையில் தவறு என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் மூன்று வருகைகளுக்குப் பொருந்திய பாதை திடீரென்று கெட்டுப்போக வியாழன் பக்கத்திலும் போகவில்லை. வால்மீன் வழி தவறவில்லை, ஒளி இழந்துவிட்டது என்ற முடிவுக்கு மெதுவாகத்தான் வந்தார்கள்.

அதே சமயத்தில் இத்தாலியில் ஷியாபரெல்லி வேறொரு கதவைத் திறந்தார். ஆகஸ்ட் மாத எரிகல் மழை, 1862இல் வந்த ஒரு வால்மீனின் பாதையிலேயே ஓடுகிறது என்று 1866இல் காட்டினார். உடனே வியன்னாவில் வைஸ், கோப்பன்ஹேகனில் த'அரெஸ்ட் ஆகியோர் பீலாவின் பாதையை எடுத்துப் பார்த்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஆந்திரமேடா மண்டலத்திலிருந்து எரிகற்கள் பொழிந்ததாக 1798, 1838 ஆகிய ஆண்டுகளில் குறிப்புகள் இருந்தன. பாதை சரியாகப் பொருந்தியது. பாதை மெல்லத் திரும்புவதால் தேதி நவம்பர் இறுதிக்கு நகர்ந்திருக்கும் என்றும் சொன்னார் வைஸ்.

1872 நவம்பர் 27 மாலை, ஐரோப்பாவில் இருட்டியதும் தொடங்கியது. தூரின் அருகே மொன்காலியெரியில் டென்ஸா என்ற பாதிரியாரும் மூன்று துணைவர்களும் ஆறரை மணி நேரத்தில் 33,400 எரிகற்களை எண்ணினார்கள். உச்சத்தில் எண்ண முடியாமல் விட்டவை வேறு. எல்லாம் ஆந்திரமேடாவில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டன. மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கின. பீலாவின் தூசிக்குள் பூமி நுழைந்திருந்தது.

கெட்டிங்கன் வானாய்வகத்தின் தலைவர் கிளிங்கர்ஃபூயஸ் அதோடு நிற்கவில்லை. தூசி இவ்வளவு நெருக்கமாக இருந்தால் வால்மீனின் உடலும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். எரிகற்கள் வந்தது ஆந்திரமேடாவிலிருந்து. அப்படியானால் பூமியை உரசிக்கொண்டு போனது நேர் எதிர்த்திசையில், அதாவது தெற்கே சென்டாரஸ் மண்டலத்தில் தீட்டா என்ற நட்சத்திரத்தின் பக்கம் இருக்கும். கெட்டிங்கனில் அந்த நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் மூன்று பாகைகூட எழும்பாது. சென்னையில் நாற்பது பாகை ஏறும். சென்னையில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது: நார்மன் போக்சன்.

கம்பி இருந்தது அதிருஷ்டம். சீமென்ஸ் நிறுவனம் ஜெர்மனி, ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியாவுக்குத் தந்திப் பாதை திறந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நவம்பர் 27 அன்று பீலா பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடுக என்ற பொருளில் சில சொற்கள். நவம்பர் 30 அன்று தந்தி போக்சன் கையில் கிடைத்தது. வழியில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே பிடித்தது. கெட்டிங்கன் பேராசிரியர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், ஒன்றைத் தவிர. நவம்பர் கடைசியில் சென்னையில் வானம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

நுங்கம்பாக்கத்தில் அந்த வானாய்வகம் 1792இலிருந்து இருந்தது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது; தமிழிலும் கல்வெட்டு உண்டு. போக்சன் 1861இல் அங்கே தலைமை ஏற்றார். வந்த இரண்டு மாதத்தில் ஒரு சிறுகோளைக் கண்டு, ஆசியாவிலிருந்து முதன்முதலாகக் கண்டது என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். உதவியாளர்களில் முதல்வர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867இல் கண்டவர். லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றதும் இந்த 1872இல்தான். அவருக்குத் தனியாக ஓர் இதழ் ஒதுக்க வேண்டும், ஒதுக்குவேன்.

தந்தி கிடைத்த மறு விடியலில் போக்சன் கருவியருகே காத்திருந்தார். அந்த இடம் கிழக்கே எழும்புவது அதிகாலை நாலு மணிக்கு. மேகமும் மழையும். அடுத்த விடியலிலும் அதே கதை. மூன்றாம் நாள் ஐந்தரை மணி சுமாருக்கு, கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்ட நேரத்தில், மேகத்தில் கொஞ்சம் நீலம் திறந்தது. அதில் ஒரு திட்டு தெரிந்தது. அக்காலத்து வானியல் நாள் நண்பகலில் பிறக்கும். ஆகவே குறிப்பேட்டில் அது டிசம்பர் 2, பதினேழரை மணி.

பக்கத்தில் பெயரற்ற ஒரு நட்சத்திரத்தோடு நான்கு முறை ஒப்பிட்டு அளக்கத்தான் நேரம் கிடைத்தது. நான்கு நிமிடத்துக்குள் இரண்டரை விநாடி நகர்ந்திருந்தது. நகர்வதால் அது நெபுலா அல்ல, வால்மீன். வட்டம், 45 விகலை விட்டம், தெளிவான கரு, வால் இல்லை என்று எழுதினார். மறுநாள் விடியல் நன்றாகவே இருந்தது. இன்னொரு நட்சத்திரத்தோடு ஏழு ஒப்பீடு, சென்னைப் பட்டியலில் உள்ள நட்சத்திரங்களோடு மேலும் சில. அவற்றில் ஒன்று டெய்லர் 7734. டெய்லர் என்பவர் போக்சனுக்கு முன்பு இதே நுங்கம்பாக்கத்தில் தலைவராக இருந்து பதினோராயிரம் நட்சத்திரங்களின் இடத்தை அளந்து பட்டியலிட்டவர். அவர் உழைப்பு முப்பது ஆண்டு கழித்து ஒரு விடியலில் கைகொடுத்தது. இம்முறை விட்டம் 75 விகலை, எட்டுக் கலை நீளத்துக்கு மெல்லிய வால். இரட்டையில் மற்றதைத் தேட நேரம் இல்லாமல் பொழுது விடிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் மழை திரும்ப வந்தது. திட்டு மறுபடி யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு விடியல்கள். ஒரு பாதையைக் கணக்கிட மூன்று வெவ்வேறு நேரத்து இடங்களாவது வேண்டும். வடகிழக்குப் பருவமழை மூன்றாவதைத் தரவில்லை.

போக்சன் கண்டது பீலாவா? கிளிங்கர்ஃபூயஸ் ஆம் என்றார். போக்சனுக்கும் அப்போது சந்தேகம் இல்லை. பழைய பாதைப்படி கணக்கிட்டவர்கள் இல்லை என்றார்கள். பீலா அந்த இடத்தைப் பூமிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம் முன்பே கடந்துபோயிருக்க வேண்டும். டிசம்பரில் அது எங்கோ தொலைவில். எரிகல் கூட்டத்தோடு போனதென்று வைத்தாலும் தீட்டா சென்டாரி பக்கத்தில் அந்த வேகத்தில் நகர்ந்திருக்காது என்பது பொதுவான தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே: தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தைப் பார்க்கச் சொன்ன ஒரு தந்தியால், சம்பந்தமில்லாத ஒரு வால்மீன் சென்னையில் அகப்பட்டது. பாதை தெரியாத வால்மீன்களுக்கு இன்றைய முறையில் எக்ஸ் எழுத்து கொடுக்கிறார்கள். போக்சனுடையது எக்ஸ்/1872 எக்ஸ்1.

இங்கேதான் எனக்குப் பொறுக்காத ஒன்று இருக்கிறது. ஒளித்தரத்துக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் அளவுகோல் இதே போக்சன் கொடுத்தது. 1856இல், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது, ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு, ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்று முறைப்படுத்தினார். அதன் பிறகுதான் ஒருவரின் பதினொன்றும் இன்னொருவரின் பதினொன்றும் ஒன்றாகின. அப்படிப்பட்டவர் அந்த இரண்டு விடியலில் எழுதியது விட்டம், கரு, வால், 'பிரகாசம்' என்ற ஒரு சொல். வெளுக்கும் வானத்தில், மேகம் மூடுவதற்குள், இடத்தை அளப்பதா ஒளியை அளப்பதா என்றால் இடத்தைத்தான் அளப்பார்கள். அந்த நூற்றாண்டுக்கே அந்த மனம்தான் இருந்தது. 1772 முதல் 1852 வரை ஒவ்வொரு வருகையிலும் பீலாவின் ஒளியை ஒரே அளவுகோலில் எழுதி வைத்திருந்தால், அது தேய்ந்துகொண்டே வந்ததா, பிளந்த பிறகு சட்டென்று விழுந்ததா என்பது இன்று தெரிந்திருக்கும். இருப்பவை சொற்கள் மட்டும். அவற்றை எண்ணாக்க இன்றும் ஆராய்ச்சியாளர்கள் பாடுபடுகிறார்கள்.

1885 நவம்பர் 27 அன்று இன்னொரு எரிகல் புயல் அடித்தது. பிராகில் வைனெக் என்பவர் அன்று ஓர் எரிகல்லைப் புகைப்படத்தில் பிடித்தார். உலகின் முதல் எரிகல் படம் அதுவே. பிறகு வியாழன் தூசிக் கூட்டத்தை இழுத்துத் திசைமாற்ற, மழை ஓய்ந்தது.

வால்மீனின் கரு தூசி கலந்த பனிக்கட்டி, ஆவி பீறிடும் பக்கத்துக்கு எதிரே அது தள்ளப்படுகிறது என்று 1950இல் விப்பிள் விளக்கினார். என்கேயின் இரண்டரை மணி நேரமும் பீலாவின் தடுமாறும் ஒளியும் ஒரே காரணத்தில் அடங்கின. புதிய பனி வெளிப்பட்டால் ஒளி ஏறும். அது தீர்ந்தால், அல்லது தூசி மூடினால் இறங்கும். பனி எங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பூமியிலிருந்து கணிக்க முடியாது.

தேடலும் நிற்கவில்லை. 1971இல் பீலாவின் மிச்சம் ஏதாவது கிடைக்குமா என்று ஹாம்பர்க் அருகே பெர்கெடார்ஃப் வானாய்வகத்தில் கொஹூடெக் என்ற செக் நாட்டவர் தகடுகள் எடுத்தார். பீலா கிடைக்கவில்லை, ஏராளமான சிறுகோள்கள் கிடைத்தன. அந்தச் சிறுகோள்களைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையில் 1973 மார்ச்சில் ஒரு புதிய வால்மீன் அகப்பட்டது. அதுதான் பத்திரிகைகள் நூற்றாண்டின் வால்மீன் என்று முழங்கிய கொஹூடெக் வால்மீன். பாதைக் கணக்கு அச்சாகப் பலித்தது. டிசம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றித் திரும்பியது. வெளிச்சமோ சொன்னதற்கு வெகு கீழே நின்றுவிட்டது. கணினி வந்த பிறகும், நூற்று இருபது ஆண்டு கழித்தும், அதே கதை. வால்மீன் இந்த நாளில் இங்கே இருக்கும் என்று ஒருவர் சொன்னால் நம்பலாம். இவ்வளவு பிரகாசிக்கும் என்று சொன்னால் ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

2011 டிசம்பர் தொடக்கத்தில் கனடாவின் ரேடார் ஒன்றில் ஆந்திரமேடா எரிகற்கள் திடீரென்று பெருகித் தெரிந்தன. கணக்கிட்டதில், பீலா 1649 வருகையில் உதிர்த்த தூசி என்று தெரிய வந்தது. அந்த வருகையில் வால்மீனை யாரும் பார்த்ததாகவே பதிவு இல்லை. பட்டியலில் அதன் பெயர் இன்று 3டி/பீலா. 'டி' என்றால் மறைந்துபோனது.

இந்தத் தொடரைப் படிக்கும் இளைஞர்கள் பலரிடம் சிறு தொலைநோக்கியோ நல்ல இருகண்நோக்கியோ இருப்பதைக் கடிதங்களிலிருந்து அறிகிறேன். பாதையை அளக்கும் வேலையைப் பெரிய தானியங்கித் தொலைநோக்கிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒளியை மதிப்பிடும் வேலைக்கு இன்றும் தனி நோக்கர்களின் கண் தேவைப்படுகிறது. ஸ்லோவேனியாவின் ச்ர்னி வ்ர்ஹ் வானாய்வகம் நடத்தும் 'கோப்ஸ்' தரவுத்தளம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து வால்மீன் ஒளி மதிப்பீடுகளை வாங்கிச் சேர்க்கிறது. அடுத்த முறை எட்டாம் தரத்திலோ ஒன்பதாம் தரத்திலோ ஒரு வால்மீன் வந்தால், பெரிய வாலுடையதாக இல்லாவிட்டாலும் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். எழுதும்போது தேதி, நேரம், ஒப்பிட்ட நட்சத்திரங்கள், கண்ணாடியின் அளவு இவற்றோடு ஓர் எண்ணையும் எழுதுங்கள்.